உரோமைச் சாலையில் ஒரு கதாசிரியர்

விழா மலர் என்றால் புனிதர்களின் வரலாறு இருக்கும். குருக்கள், கன்னியர்களின் வரலாறு இருக்கும். இந்த இரு வரிசையிலும் சேராத ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர் குருவானவர் அல்லர்; துறவி அல்லர்; பீடத்தில் சுரூபமாக வைக்கப்பட்டவரும் அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்து, பத்திரிகையில் எழுதிப் பிழைத்த ஓர் இல்லறத்தார். ஆனால் ஆதித் திருச்சபையின் வேதசாட்சிகள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி மடிந்தார்கள் என்பதை உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தவர் அவர். போலந்து நாட்டு நாவலாசிரியர் ஹென்றிக் சியென்கியேவிச் அவர்களே அப்பெரியார்.

கதை எழுதுகிறவருக்கு ஆலய மலரில் என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். நம் முன்னோரை எண்ணிப் பார்ப்போம். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் ஆலய முற்றத்தில் மேடை கட்டி, விடிய விடிய எஸ்தாக்கியார் நாடகமும் ஞானசௌந்தரி நாடகமும் நடத்தியவர்கள் அவர்கள். வீரமாமுனிவர் புனித சூசையப்பரின் வாழ்வைத் தேம்பாவணி என்னும் காவியமாகவே பாடினார். விசுவாசம் கோயில் பிரசங்கத்தில் மட்டுமல்ல, கதையிலும் பாட்டிலும் வளர்ந்தது என்பதை நாம் அறிவோம். ஆகவே இவரை நம் விழாப் பந்தலுக்குள் அழைப்பதில் தவறில்லை.

நாட்டை இழந்த நாட்டினர்

சியென்கியேவிச் 1846 மே 5 அன்று வோலா ஒக்ஷெய்ஸ்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். அருகிலிருந்த ஒக்ஷெயா பங்கு ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். குடும்பம் பழம்பெருமை உடையது. கையில் காசு இல்லாதது. நிலங்கள் ஒவ்வொன்றாய்க் கைவிட்டுப் போக, 1861இல் பெற்றோர் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தனர்.

அன்று உலகப் படத்தில் போலந்து என்று ஒரு நாடே இல்லை. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அந்நாட்டைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. 1863இல் ரஷ்ய ஆட்சியை எதிர்த்து நடந்த கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. அதன் பின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ரஷ்ய மொழியே புகுத்தப்பட்டது. மக்களுக்கு மிஞ்சியவை இரண்டே: தாய்மொழியும் கத்தோலிக்க ஆலயமும். இதை நாம் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அவர் எழுதியவற்றின் உயிர் நமக்கு விளங்கும்.

பள்ளியில் அவர் சிறந்த மாணவர் என்று சொல்வதற்கில்லை. வீட்டு ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே படிப்பை முடித்தார். வார்சா பல்கலைக்கழகத்தில் சட்டம், மருத்துவம் என்று துறை மாறி, இலக்கியத்திலும் வரலாற்றிலும் வந்து நின்றார். 1871இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர் பட்டம் பெறாதவர் என்பது, தேர்வில் தவறிய பிள்ளைகளைப் பெற்றிருக்கும் நம் பெற்றோருக்கு ஓர் ஆறுதலாகுக!

பிறகு பத்திரிகைத் தொழில். லித்வோஸ் என்ற புனைபெயரில் எழுதினார். 1876இல் அமெரிக்கா சென்று இரண்டாண்டுகள் தங்கினார். புகழ்பெற்ற நடிகை ஹெலனா மோஜெஸ்காவும் நண்பர்களும் கலிபோர்னியாவில் ஒரு குடியேற்றம் அமைக்க முயன்றபோது அவரும் உடனிருந்தார். உழவு தெரியாத கலைஞர்களின் பண்ணை நிலைக்கவில்லை. ஆனால் அங்கிருந்து அவர் எழுதிய பயணக் கடிதங்கள் அவரை நாடறியச் செய்தன.

மனைவியின் மறைவு

1881இல் மரியா என்னும் நற்குணவதியை மணந்தார். ஓர் ஆண் குழந்தை, ஒரு பெண் குழந்தை. ஆனால் மரியாவைக் காசநோய் பற்றிக்கொண்டது. அந்நாளில் அதற்கு மருந்து கிடையாது. நல்ல காற்றுக்காக ஊர் ஊராய் அழைத்துச் சென்றார். மருத்துவ விடுதிகளில் கட்டிலருகே அமர்ந்து எழுதினார். 1885 அக்டோபரில் அந்த அம்மையார் இறந்தார். மணவாழ்வு நான்கு ஆண்டுகளே நீடித்தது.

அந்த நாட்களில்தான் அவருடைய மாபெரும் மூன்று சரித்திர நாவல்களும் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தன. நெருப்பாலும் வாளாலும், பெருவெள்ளம், பான் மிக்கேல் என்று அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் போலந்து பட்ட பாடுகளும் அது மீண்ட வரலாறும் அவற்றின் பொருள். மனம் சோர்ந்து கிடக்கும் தம் மக்களின் நெஞ்சைத் திடப்படுத்தவே எழுதியதாக அவரே முடிவுரையில் குறித்தார். தம் வீட்டில் துக்கம் சூழ்ந்திருக்க, பிறர் வீட்டுக்குத் தைரியம் எழுதி அனுப்பிய மனிதர் அவர்.

இவற்றுள் பெருவெள்ளம் என்னும் நாவலில் ஒரு கட்டம் நம் உள்ளத்தைத் தொடும். 1655இல் சுவீடன் நாட்டுப் படைகள் போலந்தை மூழ்கடித்தன. செஸ்டகோவா நகரிலுள்ள தேவமாதாவின் மடாலயத்தையும் முற்றுகையிட்டன. மடத்துத் தலைவர் கோர்டெட்ஸ்கி அடிகளார், சில நூறு பேரைக்கொண்டு கோயிலைக் காத்து நின்றார். முற்றுகை கைவிடப்பட்டது. இது வரலாறு. இந்த வரலாற்றுக்குள் க்மிச்சிட்ஸ் என்ற கற்பனை வீரனை ஆசிரியர் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவன் முரடன், ஊரைக் கொளுத்தியவன், துரோகிக்குத் துணைபோனவன். அவனே மனந்திரும்பி, பெயரை மறைத்துக்கொண்டு, அன்னையின் ஆலயத்தைக் காக்க உயிரைப் பணயம் வைக்கிறான். பாவிக்கும் கோயில் மதிலில் ஓர் இடம் உண்டு என்பதே அதன் பொருள்.

மக்கள் இக்கதைகளை எவ்வளவு நம்பினார்கள் தெரியுமா? முதல் நாவலில் பொத்பிபியெந்தா என்னும் நல்ல வீரன் அம்புகள் பாய்ந்து இறந்ததும், அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சிலர் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னதாக அந்நாட்டில் கதை வழங்குகிறது. 1888இல் பெயர் தெரிவிக்காத ஒருவர், நாவலின் நாயகனான மிக்கேலின் பெயரைக் கையொப்பமாக இட்டு, 15,000 ரூபிள் பணத்தை அவருக்கு அனுப்பினார். அது பெருந்தொகை. சியென்கியேவிச் அதிலிருந்து தமக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. இறந்த மனைவியின் பெயரால் ஒரு நிதி நிறுவி, காசநோயால் வாடும் எழுத்தாளர், கலைஞர் குடும்பங்களுக்கு உதவ வைத்தார். கல்லறைமேல் கல் நாட்டுவதைவிட இது சிறந்த நினைவுச்சின்னம் அல்லவா?

சாலையோரச் சிற்றாலயம்

உரோமை நகரிலிருந்து தெற்கே செல்லும் பழைய ஆப்பியன் சாலையில் ஒரு சிறிய ஆலயம் இருக்கிறது. நீரோ மன்னனின் வேதகலாபனையின்போது புனித இராயப்பர் நகரைவிட்டு வெளியேறினாராம். இவ்விடத்தில் ஆண்டவர் எதிரே வருவதைக் கண்டு, எங்கே போகிறீர் என்று கேட்டாராம். மறுபடியும் சிலுவையில் அறையப்பட உரோமைக்குப் போவதாக ஆண்டவர் மொழிந்தாராம். இராயப்பர் வெட்கி, திரும்பி நடந்து, சிலுவை மரணத்தை ஏற்றார் என்பது பாரம்பரியம். எங்கே போகிறீர் என்பதற்கு இலத்தீன் மொழியில் குவோ வாதிஸ் என்பார்கள்.

சியென்கியேவிச் உரோமை சென்றிருந்தபோது, அவருடைய நாட்டினரான ஓவியர் செமிராட்ஸ்கி இந்த ஆலயத்தை அவருக்குக் காட்டினார். இந்த ஓவியர் ஏற்கனவே 1876இல், நீரோவின் தோட்டத்தில் கிறிஸ்தவர்கள் உயிருள்ள தீவட்டிகளாக எரிக்கப்படும் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டியவர். உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதிய நூலையும் சியென்கியேவிச் விரும்பிப் படித்து வந்தார். சாலையோர ஆலயமும் பழைய நூலும் சேர்ந்து அவர் உள்ளத்தில் ஒரு கதைக்கு வித்திட்டன.

அப்போது அவருடைய சொந்த வாழ்வு அமைதியாக இருக்கவில்லை. 1893இல் செய்துகொண்ட இரண்டாம் திருமணம் சில வாரங்களிலேயே முறிந்தது. பின்னர் திருச்சபை அத்திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊரார் வாய்க்கு அவர் பெயர் இரையாயிற்று. இந்த மனக்கசப்போடுதான் அவர் குவோ வாதிஸ் நாவலை எழுத அமர்ந்தார். 1895 மார்ச்சில் வார்சாவின் கசேத்தா போல்ஸ்கா பத்திரிகையில் தொடர் ஆரம்பமாகி, 1896 பிப்ரவரியில் முடிந்தது. அதே காலத்தில் கிராக்கோவிலும் போஸ்னானிலும் உள்ள பத்திரிகைகளும் அதை வெளியிட்டன. ரஷ்யப் பகுதியில் ஒன்று, ஆஸ்திரியப் பகுதியில் ஒன்று, பிரஷ்யப் பகுதியில் ஒன்று! மூன்று அரசுகள் பிரித்துவைத்த மக்கள் ஒரே கதையை ஒரே காலத்தில் படித்தார்கள்.

கதைச் சுருக்கம்

வினிசியுஸ் என்னும் இளம் உரோமைப் படைத்தலைவன், லிகியா என்னும் பெண்மீது மோகம் கொள்கிறான். அவள் வடநாட்டு அரசனின் மகள். பிணையாகப் பிடித்துவரப்பட்டு, கிறிஸ்தவளாக வளர்ந்தவள். அவளைப் பலவந்தமாகக் கவர முயன்றவன் காயமுற்று விழுகிறான். யாரைக் கெடுக்க வந்தானோ அவர்களே அவனைக் கட்டிலில் கிடத்தி மருந்திடுகிறார்கள். பகைவனைக் கொல்லாமல் விடும் இந்த மனிதர்கள் யார் என்ற வியப்பே அவனுடைய மனமாற்றத்தின் முதற்படி.

நகரம் தீப்பற்றி எரிகிறது. பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுகிறது. அரங்கில் மிருகங்களுக்கு அவர்கள் இரையாகிறார்கள். லிகியாவைக் காட்டெருதின் தலைமேல் கட்டி அனுப்புகிறார்கள். அவளுடைய பணியாள் உர்சுஸ் வெறுங்கையால் அந்த எருதின் கழுத்தை முறித்து அவளை மீட்கிறான். லிகியர் என்ற குலத்தார் வாழ்ந்தது பிற்காலப் போலந்தின் மண்ணில் என்று கருதப்பட்டது. ஆகவே போலந்து வாசகர்கள் எருதின்மேல் கட்டப்பட்ட பெண்ணைக் கண்டபோது தங்கள் தாய்நாட்டையே கண்டார்கள். தணிக்கை அதிகாரிக்குப் பழைய உரோமைக் கதை. படிப்பவருக்குத் தங்கள் வீட்டுக் கதை.

ஆயினும் இந்நாவலில் நம்மை அதிகம் கலங்கவைப்பவன் வீரனல்ல, துரோகி. கிலோன் என்ற கிரேக்கக் கிழவன் காசுக்காகக் கிறிஸ்தவர்களைக் காட்டிக்கொடுத்தவன். கிளௌகுஸ் என்னும் மருத்துவருடைய குடும்பத்தையே முன்பு அழித்தவன். நீரோவின் தோட்டத்தில் கிளௌகுஸ் கம்பத்தில் கட்டப்பட்டு எரிந்துகொண்டிருக்க, கிலோன் கீழே நின்று மன்னிப்புக் கேட்கிறான். தீக்குள்ளிருந்து மன்னிப்பு வருகிறது. அந்தக் கணத்தில் அவன் உடைந்துபோகிறான். நகரைக் கொளுத்தியவன் நீரோவே என்று எல்லார்முன்னும் கூவுகிறான். புனித சின்னப்பர் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். மறுநாள் அவனும் வேதனைப்பட்டு மடிகிறான். யூதாசுக்குக் கிட்டாமல் போன மனந்திரும்புதலை ஆசிரியர் இந்தக் கிழவனுக்குக் கொடுத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எது வரலாறு, எது கற்பனை?

கதையைக் கதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் அறிவது விசுவாசிக்கு அழகு. கி.பி. 64 ஜூலையில் உரோமை எரிந்தது வரலாறு. நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தியதும், அவர்கள் நாய்களுக்கு இரையாக்கப்பட்டதும், சிலுவையில் அறையப்பட்டதும், இரவில் விளக்குகளாக எரிக்கப்பட்டதும் தாசித்துஸ் எழுதிவைத்த செய்திகள். அவர் கிறிஸ்தவர் அல்லர். நம்மவர்மேல் அன்பு கொண்டவரும் அல்லர். அதனால் அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். பெத்ரோனியுஸ் என்ற பிரபுவும், பொம்போனியா என்ற சீமாட்டியும் வரலாற்றில் வாழ்ந்தவர்களே. வினிசியுஸ், லிகியா, உர்சுஸ், கிலோன் ஆகியோர் ஆசிரியரின் கற்பனை. நீரோவே தீ வைத்தானா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. சாலையில் ஆண்டவர் தோன்றிய நிகழ்ச்சியும் நற்செய்தி நூல்களில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, இராயப்பர் பெயரால் வழங்கும் ஒரு பழைய நூலில் உள்ளது. அது விசுவாசப் பொருளன்று, பக்தி மரபு.

அப்படியானால் கற்பனையால் என்ன பயன்? தாசித்துஸ் கொல்லப்பட்டவர்களைப் பெருங்கூட்டம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்குள் தாய் இருந்தாள், அடிமை இருந்தான், சிறுவன் இருந்தான், பயந்தவனும் இருந்தான். அவர்கள் பெயர்களைக் காலம் விழுங்கிவிட்டது. கதாசிரியர் அவர்களுக்கு ஒரு முகம் கொடுத்தார். ஜூன் 30 அன்று உரோமைத் திருச்சபையின் முதல் வேதசாட்சிகளைத் திருப்பலியில் நினைவுகூரும்போது, நம்மில் பலர் மனக்கண்ணில் காண்பது இப்படிப்பட்ட கதைகளின் முகங்களைத்தானே!

சிலுவையைச் சுமந்தவரும் சிலுவையை அணிந்தவரும்

திருச்சபை வரலாற்றைக் கதையாக எழுதுபவருக்கு ஒரு சோதனை உண்டு. நம்மவர் எல்லாரும் நல்லவர், பிறர் எல்லாரும் கெட்டவர் என்று எழுதிவிடுவது எளிது. சியென்கியேவிச் அந்தச் சோதனைக்கு முழுதும் உட்படவில்லை. 1900இல் நூலாக வந்த சிலுவை வீரர்கள் என்னும் நாவலே சான்று. மேலங்கியில் சிலுவையைத் தரித்த டியூட்டானிக் சபை வீரர்கள், சமயத்தின் பெயரால் அயலாரின் நிலத்தையும் உயிரையும் பறித்ததை அவர் மறைக்கவில்லை. 1410இல் குரூன்வால்ட் போரில் அவர்கள் தோற்றதுடன் கதை முடிகிறது.

அதில் யூராந்த் என்ற போலந்துப் பிரபுவின் மகளை அவ்வீரர்கள் கடத்துகிறார்கள். தேடிச் சென்ற தகப்பனின் கண்ணைப் பொசுக்கி, நாவை அறுத்து, வலக்கையை வெட்டி அனுப்புகிறார்கள். பின்னொரு நாள் அக்கொடுமை செய்த முதியவர் சீக்பிரீட் கட்டுண்ட நிலையில் யூராந்தின் முன் கொண்டுவரப்படுகிறார். கத்தியும் கொடுக்கப்படுகிறது. பார்வையற்ற யூராந்த் இடக்கையால் தடவித் தடவிக் கயிற்றை அறுத்து, பகைவரை விடுவிக்கிறார். சிலுவையை அணிந்தவர் யார், சிலுவையைச் சுமந்தவர் யார் என்று படிப்பவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஆசிரியர் விட்டுவிடுகிறார். நாமும் கழுத்தில் சிலுவை அணிந்தவர்களே. இந்தக் கேள்வி நமக்கும் உரியது.

ஜூபிலியும் நோபல் பரிசும்

குவோ வாதிஸ் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1900இல் அவருடைய எழுத்துப் பணியின் வெள்ளி விழாவை நாடே கொண்டாடியது. மக்கள் காசு சேர்த்து, கியெல்ட்ஸே நகருக்கு அருகே ஒப்லெங்கோரெக் என்னும் இடத்தில் நிலமும் மாளிகையும் வாங்கிக் கொடுத்தார்கள். 1905 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. குவோ வாதிஸ் என்ற ஒரு நூலுக்காகவே பரிசு கிடைத்ததாகப் பலர் சொல்வதுண்டு. உண்மையில் காவியப் பாங்கான அவருடைய எழுத்துப் பணி முழுவதற்கும் அளிக்கப்பட்ட சிறப்பு அது. பரிசு பெறும்போது அவர் தம்மைப் பற்றிப் பேசவில்லை. செத்துவிட்டதாக உலகம் எண்ணிய போலந்து உயிரோடிருக்கிறது என்பதற்கு இப்பரிசே சான்று என்ற கருத்தைப் பேசினார்.

பேச்சோடு அவர் நின்றுவிடவில்லை. 1901இல் பிரஷ்ய ஆட்சியிலிருந்த வ்ஷெஷ்னியா ஊரில், ஞானோபதேசத்தை ஜெர்மன் மொழியில் சொல்ல மறுத்த பள்ளிச் சிறுவர்கள் அடிக்கப்பட்டபோது, அவர் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். தாய்மொழியில் செபிக்கும் உரிமைக்காகப் பிஞ்சுக் கைகள் அடி வாங்கின. தமிழில் திருப்பலி கேட்கும் நாம் இதைச் சற்று நினைத்துப் பார்ப்போமாக.

முதல் உலகப் போர் மூண்டதும் அவர் சுவிட்சர்லாந்தின் வெவே நகருக்குச் சென்றார். இசைமேதை பதெரெவ்ஸ்கியுடன் சேர்ந்து, போரால் பசித்துக் கிடந்த போலந்து மக்களுக்காக நிவாரணக் குழு அமைத்தார். பேர்பெற்ற எழுதுகோல் கடைசிக் காலத்தில் உணவுக்கும் உடைக்கும் உதவி கேட்டுக் கடிதம் எழுதியது. 1916 நவம்பர் 15 அன்று, 70ஆம் வயதில், அந்நிய மண்ணிலேயே கண்மூடினார். இரண்டே ஆண்டுகளில், 1918 நவம்பரில், போலந்து விடுதலை பெற்றது. மோசே கண்ட தூரத்து நாடுபோல் அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கால் பதிக்கக் கிடைக்கவில்லை. 1924இல் அவருடைய உடல் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, வார்சாவின் புனித அருளப்பர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. இரண்டாம் மணம் முறிந்து, 1904இல் 58ஆம் வயதில் மூன்றாம் முறையாக மணந்துகொண்டவர். ஐயமும் அலைச்சலும் அவர் வாழ்வில் இருந்தன. விசுவாசம் தளர்ந்து எதிலும் உறுதிகொள்ள முடியாத ஒரு மனிதனைப் பற்றி 1891இல் ஒரு முழு நாவலே எழுதியவர் அவர். தம்மையே ஓரளவு அறிந்தவர்தான் அப்படி எழுத முடியும். அதனால்தான் தப்பி ஓடிய இராயப்பரை அவர் இகழாமல், அன்போடு எழுத முடிந்தது போலும்.

நாம் எங்கே போகிறோம்?

ஆப்பியன் சாலையின் அந்தச் சிற்றாலயத்துக்குள் இன்று அவருடைய வெண்கல மார்பளவுச் சிலை உள்ளது; உரோமையில் வாழும் போலந்து மக்கள் 1977இல் வைத்தது. செபிக்கச் செல்வோர் ஆண்டவரை வணங்கிவிட்டு, இந்தக் கதாசிரியரையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2001இல் போலந்து இயக்குநர் கவலரோவிச் எடுத்த குவோ வாதிஸ் திரைப்படம், அந்நாட்டவரான பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் முன்னிலையில் வத்திக்கானில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மூன்று அரசுகளின் காவலுக்கு நடுவே பத்திரிகைத் துண்டுகளாகப் பிறந்த கதை, இராயப்பரின் கல்லறைக்கு அருகிலேயே போய்ச் சேர்ந்தது!

விழாக் கொண்டாடும் நாம் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கிறோம். நம் பங்கிலும் பெயர் எழுதப்படாத ஒரு பெருங்கூட்டம் உண்டு. ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள், பிடியரிசி சேர்த்தவர்கள், குருவானவர் வராத காலத்தில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த பாட்டிமார்கள். அவர்கள் கதையை யார் எழுதப்போகிறார்கள்? வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது எழுதிவைக்கும்படி நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலே அவற்றைச் சொல்லலாம். ஆண்டு விழா மேடையிலே நடிக்கலாம்.

சோர்ந்துபோய் ஊரைவிட்டு, பங்கைவிட்டு, விசுவாசத்தைவிட்டு விலகி நடக்கும் வேளை நம் ஒவ்வொருவர் வாழ்விலும் வருகிறது. அந்தச் சாலையில் ஆண்டவர் எதிரே வருவார். எங்கே போகிறீர் என்று அவரிடம் கேட்குமுன், நாம் எங்கே போகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். திரும்பி நடக்கும் துணிவை இவ்விழா நாளில் இறைவன் நமக்கு அருள்வாராக!